கட்டடத்துக்கு மூக்கு வைத்தவர்

உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கட்டடத்துக்கு மூக்கு வைத்த மனிதர் எங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில்தான் குடியிருந்தார். ஆதாரம் கேட்டு ஆசிரியருக்குக் கடிதம் எழுதிவிடாதீர்கள். சீமையில் அவருக்கு முன்பே எவனாவது வைத்திருக்கலாம். ஆனால் அந்தச் சீமைக்காரன் அதைப் பிஸ்கட் டின்னில் செய்திருக்க மாட்டான். செய்து முடித்த கையோடு முதலாளியிடமும், தோட்டத்துக் கங்காணியிடமும், கற்பூரம் கொளுத்த வந்த ரசிகர்களிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கவும் மாட்டான்.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியாது. பியூஸ் அண்ணன் என்றால்தான் தெரியும். தச்சர்கள் காதில் பென்சில் செருகி வைப்பார்கள் அல்லவா, இவர் காதில் பியூஸ் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அந்தக் கம்பியோடுதான் வருவார். போன இடத்தில் முதலில் வீட்டுக்காரரை விசாரிக்க மாட்டார். நிமிர்ந்து மெயின் சுவிட்ச் எங்கே என்றுதான் பார்ப்பார்.

எங்கள் படக்கொட்டகையில் அவர் ஆபரேட்டர். படம் ஓட்டுவது, வயரிங் பார்ப்பது, திரை இழுக்கும் மோட்டாருக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர்தான். நான் அந்தக் கொட்டகையின் விளம்பரக் குரல். முதலாளியின் பழைய வேனில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பெண்டஹாரா ரோட்டில் தொடங்கி, குருபோங், புக்கிட் ரம்பாய்த் தோட்டங்கள் வரை "இன்று முதல்! இன்று முதல்!" என்று கத்திவிட்டு வருவேன். கத்துவதற்குக் கதை தெரிய வேண்டும். புதுப்படப் பெட்டி வந்ததும் அண்ணனிடம் ஓடுவேன்.

"படம் எப்படிண்ணே?"

"நாலாவது ரீல்ல ஒரு நீளக் கீறல் தம்பி. எட்டாவதுல ஒட்டு சரியில்ல. மத்தபடி நல்ல படம்லா."

"கதை என்னண்ணே?"

"அதெல்லாம் உங்க அண்ணிகிட்ட கேளு. எனக்கு எங்க நேரம்?"

அப்படித்தான் அவர். நாடு சுதந்திரம் அடையப்போகும் தேதியைப் பண்டார் ஹீலீர் திடலில் அறிவித்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போயிருந்தோம். கூட்டம் "மெர்டேக்கா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துகிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர். பக்கத்தில் பார்த்தால் இவர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னண்ணே, கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன் தம்பி. அருமையா எர்த் குடுத்திருக்கான்" என்றார்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்தவர்தான் பாக்கியம் அண்ணி. புக்கிட் ரம்பாய்த் தோட்டத்துப் பெண். தோட்டத்தில் எப்போதாவது திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துச் சினிமாப் பைத்தியம் பிடித்துப்போய், பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு கடைக்காரரையும் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, "இவரைத்தான் கட்டிக்குவேன், கொட்டகையில வேலை பாக்குறாரு" என்று பிடிவாதம் பிடித்துப் பியூஸ் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டியவர். வாழ்நாள் முழுக்க ஓசியில் படம் பார்க்கலாம் என்று கணக்கு.

கணக்கு தப்பிவிட்டது. அண்ணிக்கு இழுப்பு நோய். திறந்தவெளியில் படம் பார்த்தவரைக்கும் ஒன்றுமில்லை. கொட்டகைக்குள் அப்படியா? அந்தக் காலத்தில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் எல்லாம் டிக்கெட்டோடு சேர்த்துத் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். சிகரெட், பீடி, சுருட்டு எல்லாம் கலந்து, பாதிப் படத்தில் கதாநாயகி மேகத்துக்குள் நின்று பாடுவது போலத்தான் தெரியும். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக வந்து உட்கார்ந்த அண்ணியை, மூன்றாவது ரீலில் மூச்சு முட்டித் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியதாயிற்று.

அதன்பிறகு அண்ணி உள்ளே வரவேயில்லை. ஆனால் படத்தையும் விடவில்லை. மூன்று மணி ஆட்டத்துக்குப் பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, கதவு வழியாக வரும் சத்தத்தை மட்டும் கேட்பார். வசனம் அத்தனையும் மனப்பாடம். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

"தம்பி, அந்த வில்லன் மீசை வெச்சிருக்கானா?" என்று என்னைக் கேட்பார்.

"இல்ல அண்ணி, மொழுமொழுன்னு இருப்பான்."

"அடப்பாவி. குரலுக்கு மீசை இருக்கும்னு நெனச்சேன்."

ஒரு வீட்டில் இரண்டு பேர். கொட்டகையில் ஓடிய படங்கள் அத்தனைக்கும் வந்தவர்கள். ஒருவர் கீறலைப் பார்த்தார், ஒருவர் வசனத்தைக் கேட்டார். இரண்டு பேருமே படம் பார்க்கவில்லை. வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, படிக்கட்டில் அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கதவில் காதை வைத்திருப்பதைப் பார்க்கும்போது தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

அண்ணனால் அப்படிப் போக முடியவில்லை போலும். ஒருநாள் மெஷின் ரூமில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தம்பி, இந்தத் தீபாவளிக்கு வர்ற படத்த உங்க அண்ணி உள்ள உக்காந்து முழுசா பாக்கணும். அதுக்கு இந்தக் கட்டடம் தானா மூச்சு விடணும்."

"கட்டடமாண்ணே?"

"ஆமா. புகை வந்தா அதுக்கே தெரியணும். தெரிஞ்சா அதுவே வெளிய தள்ளணும். யாரும் போய் சுவிட்ச் போடக் கூடாது."

சுவரில் காற்றை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் அவற்றைப் போட்டால் அரிசி ஆலை ஓடுவதுபோல் இரையும் என்று யாரும் போடுவதில்லை. அண்ணன் விளக்கினார். படச்சுருளின் ஓரத்தில் ஒலிக்கான கோடு ஓடும். அதன்மேல் ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் விழும். கடந்து வரும் வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் உணர்ந்து அதை மின்சாரமாக்குகிறது ஒரு கண்ணாடிக் குமிழ்; அதுதான் பெருகி ஒலியாக வருகிறது. பழுதான பழைய மெஷின் ஒன்றில் அந்தக் குமிழ் மட்டும் நன்றாக இருந்தது. "வசனத்தப் புரிஞ்சிக்கிற கண்ணுக்குப் புகை புரியாதா?" என்பது அண்ணனின் கட்சி.

வெட்டி இணைத்த இரண்டு பிஸ்கட் டின்கள். ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் குமிழ். நடுவில் புகை நுழையச் சல்லடைபோல் ஓட்டைகள். புகை வந்தால் வெளிச்சம் மங்கும். வெளிச்சம் மங்கினால், பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போய்க் காயலான் கடையில் கிடந்த ஒரு டெலிபோன் சாமான் டக்கென்று விழுந்து விசிறிகளை ஓடவிடும். டின்னைக் கூரை உத்தரத்தில் தொங்கவிட்டு, வயரை மெஷின் ரூமின் சுவிட்ச் பலகை வரை இழுத்துவிட்டார்.

சோதனைக்கு ஆள் வேண்டுமே. அண்ணன் வாழ்நாளில் பீடியைத் தொட்டவரில்லை. நானும், வாசலில் டிக்கெட் கிழிக்கும் பிள்ளை என்பவரும் மாட்டிக்கொண்டோம். பிள்ளை கம்போங் செட்டிக்காரர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய மலாக்காச் செட்டிகளின் வழக்கப்படி வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் தமிழ்ப் படம் பார்த்து அவரைப்போல் அழுகிற ஆளை நான் கண்டதில்லை. எங்கள் இருவரையும் ஏணியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்துக் கொடுத்து, "நல்லா இழுத்து ஊதுங்க! இன்னும்! பிள்ளை, லாகி, லாகி!" என்று கீழே நின்று தாளம் போட்டார். விசிறி ஓடியது. அண்ணன் கை தட்டினார். பிள்ளை ஏணியிலிருந்து இறங்கி, "சூசா லா, பியூஸ்", ரொம்பக் கஷ்டம் என்று முனகிக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? விசிறி மட்டும் போதாது, புகைக்கிறவனுக்கே தெரிய வேண்டும் என்று, அந்த ஒரு டின்னோடு கட்டடத்திலிருந்த அத்தனையையும் கோத்துவிட்டார். கொஞ்சம் புகைக்கு விசிறி. அதிகமானால் மணியும் கொட்டகை விளக்குகளும். அதற்கும் அடங்காவிட்டால் திரையே மூடிக்கொள்ளும். "இனிமே நான் இல்லன்னாலும் கொட்டகை தன்னத் தானே பாத்துக்கும்" என்றார் பெருமையாக.

முதல் நாள் ஓடியது ஓர் அம்மா செண்டிமெண்ட் படம். அம்மா சாகக் கிடக்கிறாள். மகனின் தகப்பன் யார் என்று சொல்ல வாயைத் திறக்கிறாள். தமிழன் எப்போது தீக்குச்சி கிழிப்பான் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கண்ணீர் வரும்போது கிழிப்பான். ஒரே நேரத்தில் கொட்டகை முழுக்கச் சரக் சரக்கென்று சத்தம். புகை எழும்பியது. விசிறிகள் இரைந்தன. மகனுக்குக் கேட்டிருக்கலாம், எங்களுக்குத் தகப்பன் பெயர் கேட்கவில்லை. அடுத்த நொடி மணி அடித்து, விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

வெளிச்சத்தில் பார்த்தால் அத்தனை ஆண்களும் தேம்பிக்கொண்டிருக்கிறார்கள். நடு வரிசையில் புக்கிட் ரம்பாய்ப் பெரிய கங்காணி. அவர் செருமினால் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வாளி தானாக நடுங்கும் என்பார்கள். அவர் துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, மூக்கிலும் கண்ணிலும் ஒழுக, குழந்தைபோல் குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் திரும்பி அவரையே பார்த்தார்கள். வாசல் திரையை விலக்கி எட்டிப் பார்த்த பிள்ளை, கன்னம் நனைய என்னிடம், "டியா சுடா மாத்தி கா?" என்றார். அம்மா செத்துவிட்டாளா என்று கேட்கிறார். எனக்கே தெரியவில்லை.

படம் முடிந்ததும் கங்காணி மெஷின் ரூம் படியேறி வந்துவிட்டார்.

"யாருப்பா லைட்டப் போட்டது?"

"நான் போடலண்ணே. கட்டடம் போட்டுச்சு" என்றார் பியூஸ் அண்ணன். உண்மையைத்தான் சொன்னார்.

கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குக் கண்ணுல தூசி. தெரிஞ்சிக்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு மாற்றம் வந்தது. சோகக் காட்சி வந்தால் ஆண்கள் பையில் கை வைத்து, ஒருமுறை கூரையில் தொங்கும் டின்னைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துவிடுவார்கள். புகைக்குப் பயந்தல்ல, அழுவதை அடுத்தவன் பார்த்துவிடுவானே என்று. முதலாளி ராவுத்தருக்கும் நாற்காலிகளில் சிகரெட் ஓட்டை குறைந்ததில் திருப்திதான். அண்ணன் தலைகால் தெரியாமல் திரிந்தார். தீபாவளிப் படத்துக்கு அண்ணிக்குக் கதவோரத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தார்.

தீபாவளி முதல் ஆட்டம். மெர்டேக்கா வந்தபிறகு வரும் முதல் தீபாவளி என்பதால் கொட்டகை வாசலில் தோரணம், கொடி, கூட்டம். அண்ணி புதுச்சேலை கட்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். அண்ணன் பீடிப் புகையை யோசித்திருந்தார், சுருட்டை யோசித்திருந்தார், கொசுவர்த்தியைக்கூட யோசித்திருந்தார். ஒரு தமிழனாகப் பிறந்து அவர் யோசிக்க மறந்தது கற்பூரத்தை.

கதாநாயகன் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும், ரசிகர் கூட்டம் தாம்பாளம் நிறையக் கற்பூரத்தை அடுக்கிக் கொளுத்தி, திரைக்கு முன்னால் நின்று சுற்ற ஆரம்பித்தது. கரும்புகை நேராக டின்னுக்கு ஏறியது. மூன்று கட்டமும் ஒன்றாக வேலை செய்தன. விசிறிகள் ஓடிக் கற்பூரத்தை அணைத்தன. மணி அடித்தது. விளக்கு எரிந்தது. நாயகன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தில் திரை மூடியது.

மணிச் சத்தம் கேட்டு இடைவேளை என்று பாதிக் கூட்டம் எழுந்து வெளியே ஓடியது. வெளியே கச்சாங் பூத்தே விற்கிறவர் அப்போதுதான் கடலையை வறுக்க ஆரம்பித்திருந்தார். மீதிக் கூட்டம், "எவன்டா எங்க தலைவர் மூஞ்சில தெர போட்டவன்?" என்று மெஷின் ரூமைப் பார்த்துத் தாம்பாளத்தை எறிந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

அண்ணி இருமிக்கொண்டே பழைய படிக்கட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் பின்னாலேயே ஓடி வந்து நின்றார்.

"பரவால்லைங்க" என்றார் அண்ணி, மூச்சை இழுத்து இழுத்து. "ஹீரோ மூஞ்சியப் பாத்துட்டேன்ல. அது போதும்."

முதலாளி வந்தார். "யா அல்லா! கொட்டகைய எரிச்சிருப்பானுங்கப்பா! இன்னிக்கே அதக் கழட்டு. இல்லன்னா நாளைக்கு வேற ஆபரேட்டர் வருவான்."

அன்றைய ஆட்டங்கள் முடிந்ததும் அண்ணன் சுவிட்ச் பலகையில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் சுருட்டினார். டின்னை இறக்கப் பெரிய ஏணி வேண்டும் என்பதால் அது மட்டும் உத்தரத்தில் தொங்கியது. நான் பக்கத்தில் நின்றேன்.

"நாடே சுதந்திரம் வாங்கிருச்சு தம்பி" என்றார் திரும்பாமல். "என்னால ஒரு பொம்பளைக்கு ஒரு படம் முடியிற வரைக்கும் நல்ல காத்து வாங்கிக் குடுக்க முடியல."

மறுநாள் காலை முதலாளி எனக்குக் கட்டளையிட்டார். "ஊர் பூரா சொல்லிட்டு வா. அந்தப் புகை மெஷின கழட்டியாச்சு, லைட்டு எரியாது, திரை மூடாது, தைரியமா வந்து பாருங்கன்னு சொல்லு." வேன் கிளம்பியது. பெண்டஹாரா ரோட்டில் படத்தின் பெயரைச் சொன்னேன், நாயகன் பெயரைச் சொன்னேன், பாட்டு எத்தனை என்று சொன்னேன். மெஷினைப் பற்றிய வரி தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். குருபோங்கிலும் விழுங்கினேன். புக்கிட் ரம்பாயில் கங்காணி வீட்டு வாசலில் நின்று இன்னும் நன்றாக விழுங்கினேன். திரும்பி வந்ததும் முதலாளி, "சொன்னியா?" என்றார். "தொண்டை கட்டிப்போச்சு முதலாளி" என்றேன். அது பொய்யும் இல்லை.

மூன்று மணி ஆட்டம். கற்பூர மரியாதை முதல் ஆட்டத்தோடு சரி. அண்ணி வழக்கம்போல் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள வாங்க அண்ணி."

"கழட்டிட்டாங்களே தம்பி. புகை வந்தா?"

"வந்தா வெளிய வந்துடலாம். கதவோரந்தானே நாற்காலி?"

அவரை உட்கார வைத்துவிட்டு மெஷின் ரூமுக்கு ஏறினேன். அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் வாடிப்போய் நின்றுகொண்டிருந்தார். சுவரில் இருந்த சின்னச் சதுர ஓட்டை வழியாகக் கீழே பார்க்கச் சொன்னேன். பார்த்தார். "ஐயையோ, மூச்சு முட்டுமே!" என்று கதவுக்கு ஓடப்போனவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

சோகக் காட்சி வந்தது. கீழே ஓர் ஆள் பீடியை உதட்டில் வைத்தான். அண்ணாந்து டின்னைப் பார்த்தான். திரும்பக் காதில் செருகிக்கொண்டான். முன்வரிசையில் எவனோ வெளியூர்க்காரன், விஷயம் தெரியாதவன், சரக்கென்று தீக்குச்சியைக் கிழித்தான். இருட்டில் கங்காணியின் குரல் இடிபோல் விழுந்தது.

"டேய்! அணைடா! லைட்டு வந்துரும்!"

குச்சி அணைந்தது. கங்காணி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். வயர் இல்லாத ஒரு வெறும் தகர டப்பா தலைக்குமேல் தொங்க, காற்று சுத்தமாக இருக்க, கொட்டகை மொத்தமும் இருட்டில் நிம்மதியாக அழுதது.

அண்ணன் ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. நான் அடுத்த ஓட்டையில் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது திரையை அல்ல. திரையின் வெளிச்சம் விழுந்த அண்ணியின் முகத்தை. அண்ணி முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதார், கொஞ்ச நேரத்தில் அதே முகத்தோடு சிரித்தார், முந்தின நாள் படியில் உட்கார்ந்து கேட்ட வசனம் வரும் முன்பே உதட்டை அசைத்தார். அண்ணன் முகமும் கூடவே அசைந்தது. அதில் ரீல் ஓடி முடிந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. திரை வெள்ளையாகப் பளீரிட்டு, மறுபடியும் அத்தனை ஆண்களின் அழுகையும் அம்பலமானது. "டேய் பியூஸ்!" என்று கூரை பிளந்தது. அவர் பதறி அடுத்த மெஷினைத் தட்டிவிட்டார். வைதவர்களுக்கு எல்லாம் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார்.

ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டத்துக்கு முன்னால், அண்ணனும் அண்ணியும் டீ குடிக்க வீட்டுக்குப் போனார்கள். வெயில் நன்றாகத் தணிந்த நேரம். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே ரோட்டில் பின்னால் வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் கேட்டார்.

"அழுதியா?"

"ம். ரொம்ப."

"இருமுனியா?"

"இல்லைங்க."

அவ்வளவுதான் பேசினார்கள். எத்தனையோ காதல் படங்களுக்கு ஊர் ஊராகக் கத்தியவன் நான். அந்த மூன்று வார்த்தைப் பதிலைக் கேட்டபோது அந்த மனிதர் காதிலிருந்த கம்பியைக் கழற்றி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரை அந்த நிமிடத்திலிருந்து என் கூடப்பிறந்தவராகவே நினைத்துவிட்டேன்.